இடது முன்சக்கரத்துக் கீச்சு

எவர்சில்வர் தட்டில் கரண்டியை அழுத்தி இழுத்தால் பல் கூசுமே, அந்தச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் மெல்லியதாக்கி நிறுத்தாமல் நீட்டினால் எங்கள் வெள்ளைக் காரின் சத்தம் கிடைக்கும். அதற்கு எங்கள் வீட்டில் ‘கீச்சு’ என்று பெயர். நான் ஏழாம் வகுப்புப் படித்த வருடம், முழுப்பரீட்சை முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய நாட்களில், பதினைந்து நாள் அந்தக் கீச்சு எங்கள் வீட்டை ஆட்டிப்படைத்தது. இன்றைக்கும் எங்காவது ஒரு வண்டி அப்படிக் கத்திக்கொண்டு போனால் எனக்குப் பல் கூசுவதில்லை, கோபம்தான் வருகிறது. அந்தக் கோபத்தில் முதல் பங்கு எனக்கே உரியது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு சேரப்பணஞ்சேரியில். தொழிற்பேட்டைக்கு நிலம் போனபோது வந்த பணத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மிஞ்சியது இந்தக் கார் ஒன்றுதான் என்று அப்பா சொல்வார். யாரோ ஓட்டிச் சலித்து விற்ற காரை வாங்கி, ஒரகடத்தில் ஒரு டிராவல்ஸில் சேர்த்து, கம்பெனி ஆபிசர்களை விமான நிலையத்திலிருந்து ஆலைக்கும் ஆலையிலிருந்து ஓட்டலுக்கும் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார். கீச்சு வந்த மூன்றாம் நாள் டிராவல்ஸ்காரர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: “ஆபிசருங்களுக்கு காது நோவுதாம்பா. சத்தத்த சரி பண்ணிட்டு வா. அதுவரிக்கும் ட்யூட்டி கெடையாது.” ஆபிசர்களின் காது நோகிறது என்ற அந்த வாக்கியத்தை நான் அன்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

உடனே மெக்கானிக்கிடம் போகவேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அப்பா அப்படிப் போகிறவர் அல்ல. சத்தத்துக்குப் பெயர் வைக்காமல் மெக்கானிக் முன்னால் போய் நிற்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். “பேரு தெரியாம போய் நின்னா, இன்ஜினையே எறக்கி வெச்சிட்டு நம்ம மூஞ்சியப் பாப்பான்” என்பார். அதனால் எங்கள் வண்டியின் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு பெயர் இருந்தது. பள்ளத்தில் இறங்கினால் வருவது ‘டொக்கு’, காலையில் முதலில் கிளப்பும்போது வருவது ‘உய்ங்கு’, டாப் கியரில் வருவது ‘கடகடா’. பெயர் வைத்தபிறகு அது எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது, எந்தப் பக்கம் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைக்கவேண்டும். அப்பாவின் கையெழுத்து அவருக்கே புரியாது என்பதால் எழுதுவது என் வேலை. என் பள்ளிக்கூட நோட்டுகளைவிட அந்த நோட்டை நான் சுத்தமாக வைத்திருந்தேன்.

சத்தத்தைப் பிடிக்க அப்பா ஒரு வழி வைத்திருந்தார். தொழிற்பேட்டைக்குள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஈ காக்கை இருக்காது; அகலமான சாலை, இரண்டு பக்கமும் கம்பெனிகளின் நீண்ட காம்பவுண்ட் சுவர்கள். கண்ணாடியை இறக்கிவிட்டுச் சுவரை ஒட்டி ஓட்டினால், காரின் சத்தம் சுவரில் மோதி நம் காதுக்கே திரும்பி வரும். வெளிச்சாலையில் காற்றோடு போய்விடுகிற சின்னச் சத்தம்கூட சுவரோரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது மாதிரி கேட்கும். இடதுபக்கச் சுவரில் ஒரு தடவை, வண்டியைத் திருப்பி வலதுபக்கச் சுவரில் ஒரு தடவை. நான் பின்சீட்டில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்து, “இப்ப வருது, இப்ப நின்னிடுச்சி” என்று சொல்லிக்கொண்டே எழுதுவேன். கீச்சைப் பற்றி அந்த நோட்டில் இருந்தது இவ்வளவுதான்: இடதுபக்கச் சுவரில்தான் அதிகம், முப்பதுக்கு மேல் போனால் வருகிறது, பிரேக் மிதித்தால் நின்றுவிடுகிறது.

இதைப் படிக்கிற எவரும் பிரேக் என்று சொல்லிவிடுவார்கள். எங்களுக்குச் சொல்ல விடாமல் தடுத்தவர் எங்கள் மாடி அறையில் வாடகைக்கு இருந்த ஐயப்பன் அண்ணன். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர், பிரேக் செய்கிற கம்பெனியில் லைனில் வேலை. நல்ல மனிதர்தான். ஆனால் அவருடைய லைனைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துப் பேசிவிட முடியாது. நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “எங்க லைன்ல செக்கிங் முடிஞ்சு வெளிய போற பிரேக்கு ஒருநாளும் சத்தம் போடாது அண்ணாச்சி. மிதிச்சா சத்தம் நிக்குதுன்னா, பிரேக்கு ஒழுங்கா வேலை செய்யுதுன்னுல்லா அர்த்தம்?” என்று கேட்டார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் அப்போது இது ஒரு பொதுவான நோய். சீட் கம்பெனியில் இருப்பவன் சீட் சத்தம் போடாது என்பான், கண்ணாடிக் கம்பெனியில் இருப்பவன் கண்ணாடி அதிராது என்பான். ஆளுக்கு ஒரு துண்டைச் செய்துவிட்டு, முழுக் காரை யாரும் பார்க்காத ஊர் அது. பிரேக் செய்கிறவரே சொன்னபிறகு அப்பா பிரேக் பக்கமே போகவில்லை. பெல்ட்டை மாற்றினார். கதவு மூட்டுகளுக்கு எண்ணெய் விட்டார். ஏசியைக் கழற்றி மாட்டினார். கீச்சு அப்படியே இருந்தது, கொஞ்சம் கொழுத்தும் போனது.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மா பிள்ளைப்பாக்கத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் வேலை செய்தாள். கார் கதவுக்கு உள்ளே போகும் தகடுகளை இடி இடியாக அடித்து வளைத்து எடுக்கிற இடம். ஆறு வருடமாகக் கான்ட்ராக்ட். ஒருமுறை ஆயுதபூஜைக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனபோது, பூஜை போட்டுவிட்டு ஒரே ஒரு பிரஸ்ஸை மட்டும் ஓட்டிக் காட்டினார்கள். தரை என் செருப்பைத் தூக்கிப் போட்டது. அப்படிப் பதினெட்டு, இருபது ஒன்றாக ஓடும் என்றாள் அம்மா. அங்கே யாரும் யாரோடும் பேசமுடியாது. கையைக் காட்டித்தான் எல்லாம். கட்டைவிரலை வாயருகே கொண்டுபோனால் டீ, உள்ளங்கையைத் திருப்பினால் தகடு மாற்று, இரண்டு விரலால் தோளைத் தட்டிக் காட்டினால் சூப்பர்வைசர் வருகிறான். மெஷின் சரியாக ஓடுகிறதா என்று காதால் கேட்டு அறியமுடியாத இடமாகையால், போகிறபோது வருகிறபோது அதன் இடுப்பில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்கள். கை சொல்லிவிடும். காதுக்கு மாதம் ஒரு ஜோடி ஆரஞ்சுப் பஞ்சு கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு வேலை செய்தால், “காதுல பஞ்சடச்சிக்கினா நான் கூப்புட்டா எப்பிடி கேக்கும்?” என்று சூப்பர்வைசர் கத்துவான். வைக்காவிட்டால் பாதுகாப்பு அதிகாரி எழுதிக்கொண்டு போவார். இருவரும் ஒரே கம்பெனியில் சம்பளம் வாங்கினார்கள்.

இரண்டாவது ஞாயிறு அம்மாவுக்கு வீக் ஆஃப். கீச்சு பிடிக்க அவளையும் வண்டியில் ஏற்றினார் அப்பா. முன்னால் இடதுபக்கம் அம்மா, பின்னால் நானும் ஐயப்பன் அண்ணனும். இடதுபக்கக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டுச் சுவரை ஒட்டி வண்டியை விட்டார். முப்பதைத் தாண்டியதும் கீச்சு சுவரில் பட்டுத் திரும்பியது. நான் காதைப் பொத்திக்கொண்டேன், ஐயப்பன் அண்ணன் முகத்தைச் சுளித்தார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சாதாரணமாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு தடவை போய்வந்தபிறகு அப்பாவைத் திரும்பிப் பார்த்து, “இன்னா சுத்திக்கினே கீறோம்? வூட்டுக்குப் போலாமா, துணி ஊறப் போட்டுட்டு வந்துகீறேன்” என்றாள்.

“கேட்டுச்சா இல்லியா?”

“இன்னாது?”

“சத்தம்டீ! ஊரே காதப் பொத்திக்கினு கீது, டமாரச் செவிடா நீ?” என்று அப்பா ஸ்டியரிங்கில் அடித்தார்.

அம்மா அப்பாவின் வாயைப் பார்த்தாள். “கத்தாத. வண்டிய நிறுத்து” என்று சொல்லி இறங்கினாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, குனிந்து, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் தொட்டும் தொடாமலும் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். இடது முன்சக்கரத்துக்கு வந்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். “தோ, இதான். இது மட்டும் கொதிக்குது. மத்த மூணும் சும்மா கீது.”

நேராகப் படப்பைக்குப் போனோம். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே விரலை விட்டுப் பார்த்துவிட்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். பிரேக் விடுபடாமல் சிக்கிக்கொண்டு, ஓடும்போதெல்லாம் சக்கரத்தைப் பிடித்து உரசியிருக்கிறது. பிரேக் பேடு தேய்ந்துபோய் இரும்பும் இரும்பும் தேய்ந்துகொண்டிருக்கின்றன. “சத்தம் வந்த அன்னிக்கே எட்னு வந்திருந்தா பேடோட போயிருக்கும். இப்ப டிஸ்க்கும் பூடுச்சி. வண்டி ரெண்டு வாரமா கத்திக்கினு கீது, நீங்க நோட்டுல எழுதிக்கினு இருந்திருக்கீங்க” என்றார். ஐயப்பன் அண்ணன் அந்தப் பேடைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது எங்க லைன் மாடல் இல்ல அண்ணாச்சி” என்று மெல்லச் சொன்னார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். திரும்பும்போது வண்டி சத்தமே இல்லாமல் ஓடியது. “கையிலயே காது வெச்சிக்கினு கீறா பாரு” என்று அப்பா அம்மாவைப் புகழ்ந்தார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று அவருக்கே தெரியாது.

எனக்கு மட்டும் அந்தச் சுவர் மனதை விட்டுப் போகவில்லை. காதைத் துளைக்கிற சத்தத்துக்குப் பக்கத்தில் அம்மா எப்படிச் சும்மா உட்கார்ந்திருந்தாள்? அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டாள். திமிர் என்று அத்தைகள் பேசிக்கொள்வார்கள். டிவியை ஊருக்கே கேட்கிற மாதிரி வைப்பாள், அப்பா திட்டுவார். “டமாரம், டமாரம்” என்று அப்பா கேலி செய்யும்போதெல்லாம் நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் என்னை நானே நாலு அறை விடலாம் போலிருக்கிறது. காருக்குச் செய்த வேலையை அம்மாவுக்கும் செய்தேன். அதே நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, கடைசிப் பக்கத்தில் எழுதினேன். குக்கர் விசில், கேட்கிறது. கதவைத் தட்டுவது, கேட்கிறது. செல்போனில் மெசேஜ் வருவது, இல்லை. பின்னாலிருந்து மெதுவாக ‘அம்மா’, இல்லை. என் கொலுசு, இல்லை. அந்தக் கொலுசைப் பொங்கல் போனஸில் அம்மாதான் வாங்கிக் கொடுத்திருந்தாள்.

நோட்டை அம்மாவிடம் காட்டினேன். நான் பெரிய கண்டுபிடிப்பைச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா வாசித்துவிட்டு அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். “எழுதி வெக்காதடீ. அடுத்த மாசம் காது டெஸ்ட் வருது. போன தபா பாதி பேருக்குதான் வெச்சாங்க, எங்கூட வேல செஞ்ச மல்லிகாவ அதுலதான் புடிச்சாங்க. மறுநாளு கார்டு தேச்சா கேட்டு தொறக்கல” என்றாள். வேறு டிபார்ட்மென்டில் போடமாட்டார்களா என்று கேட்டேன். கான்ட்ராக்டுக்கு ஏது வேறு டிபார்ட்மென்ட் என்று கையை விரித்தாள்.

அப்பாவிடம் சொன்னேன். அப்பா, “லீவு கெடைக்கறப்ப பாத்துக்கலாம்” என்றார். ஒரு கீச்சுக்காகப் பத்து நாளுக்கு மேல் வண்டியை நிறுத்திவைத்த மனிதர். வண்டி நின்றிருந்த அந்த நாட்களில் வீடு ஓடியதே அம்மாவின் சம்பளத்தில்தான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அது தெரிந்தும் அவர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது.

காது டெஸ்ட் ஒரு வேனில் நடக்கும். கம்பெனி வாசலில் வந்து நிற்கும் வேனுக்குள் ஒரு கண்ணாடிக் கூண்டு; அதற்குள் ஒருவரை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பார்கள். சத்தம் கேட்டால் அழுத்தவேண்டும். கூண்டுக்கு வெளியே, கண்ணாடிக்கு நேர் எதிரே, மெஷினை வைத்துக்கொண்டு ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். அவர் சத்தத்தை அனுப்பும்போதெல்லாம் அவருடைய வலது தோள் ஓர் இழை ஏறி இறங்கும். மல்லிகா போனபிறகு பிரஸ் ஷாப் பெண்கள் அத்தனைபேரும் அந்தத் தோளைப் பார்த்துத்தான் பட்டனை அழுத்தினார்கள். சைகையிலேயே வாழ்ந்தவர்களுக்குத் தோள் ஒரு பெரிய விஷயமா? புதிதாக வருகிறவளுக்குப் பழையவள் டீ நேரத்தில் சொல்லிக்கொடுப்பாள். அம்மாவுக்குப் பயிற்சி கொடுத்தது நான். சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்தபிறகு எதிரெதிரே உட்கார்ந்து, டிவி ரிமோட்டைத் துண்டால் மூடிக்கொண்டு நான் அழுத்துவேன். அம்மா விரலைத் தூக்கவேண்டும். முதலில் அவசரப்பட்டாள். “தோள் ஏறினதும் தூக்காதம்மா, எறங்கினதும் தூக்கு” என்று நான்தான் திருத்தினேன். சில நேரம் ஏமாற்ற வெறும் தோளை மட்டும் ஆட்டுவேன். அதற்கும் ஏமாறாமல் தேறிவிட்டாள். டெஸ்ட் நாளன்று சாயங்காலம் ஒரு பப்ஸ் பொட்டலத்தோடும் ஒரு காகிதத்தோடும் வந்தாள். காகிதத்தில் ‘நார்மல்’ என்று இருந்தது. நான் குதித்தேன்.

அந்தத் தோள்காரரை நான் பல வருடம் திட்டியிருக்கிறேன். நாள் முழுக்க இடி விழுகிற கொட்டகையில் வேலை செய்கிற நாற்பது பெண்கள் வரிசையாக வந்து, ஒரு சத்தம்கூட விடாமல் பட்டனை அழுத்திவிட்டுப் போகிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக்கூட அவ்வளவு நல்ல காது இருக்காது. அவருக்குத் தெரியாதா? தெரியும். அவரை அனுப்பியவர்களுக்கும் தெரியும். அவர்களுக்கு வேண்டியிருந்தது காகிதம்.

நான்கு வருடம், நான்கு டெஸ்ட், நான்கு நார்மல். பிறகு அம்மாவின் லைனில் கை மாதிரி வளைந்து எடுக்கிற இயந்திரங்கள் வந்து இறங்கின, கான்ட்ராக்ட் பெண்கள் எல்லோரையும் ஒரே வாரத்தில் அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு லீவு கிடைத்தது. காஞ்சிபுரத்தில் காது டாக்டர் பார்த்துவிட்டு, “முன்னாடியே வந்திருக்கலாமேம்மா, இருந்ததையாவது காப்பாத்தியிருக்கலாம்” என்றார். அம்மாவுக்குக் கேட்கவில்லை. நான் அவள் முகத்துக்கு நேரே நின்று திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. சொல்லும்போது படப்பை மெக்கானிக்கின் குரல் எனக்குள் ஓடியது.

டாக்டர் எழுதிக்கொடுத்ததை எடுத்துக்கொண்டு அம்மாவும் நானும் கம்பெனிக்குப் போனோம். நான் அப்போது பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம், நியாயம் கேட்டால் கிடைக்கும் என்று நம்புகிற வயது. உள்ளே ஒரு அதிகாரி மரியாதையாக உட்காரச் சொன்னார். ஒரு ஃபைலைத் திறந்து நான்கு தாள்களையும் மேஜையில் வரிசையாக வைத்தார். “உங்க கையெழுத்துதானேம்மா? வருஷா வருஷம் நார்மல்னு வந்திருக்கு. எங்ககிட்ட இருந்தவரைக்கும் உங்க காது நல்லாத்தான் இருந்திருக்கு. அதுக்கப்புறம் கெட்டதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?” நான் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அந்த நான்கு தாளிலும் என் டிவி ரிமோட் இருந்தது. பக்கத்தில் அம்மாவைப் பார்த்தேன். அவர் பேசுவது பாதிக்குமேல் புரியாமல், வழக்கம்போல, அவள் அந்த அதிகாரியின் வலது தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்தக் கம்பெனி இருந்த கொட்டகை ஒரு குடோன். எங்கள் வெள்ளைக் காரை எப்போதோ உடைக்கப் போட்டாகிவிட்டது. ஐயப்பன் அண்ணன் ஊருக்குத் திரும்பி அங்கே கடை வைத்திருக்கிறார். சத்தம் பிடித்த காம்பவுண்ட் சுவர் மட்டும் நிற்கிறது. அதை ஒட்டி லாரிகள் வரிசையாக நிற்பதால் அங்கே இனி எந்தச் சத்தமும் திரும்பி வராது. அம்மா காதுக் கருவியைப் பெட்டியிலேயே வைத்திருக்கிறாள், இரைச்சல்தான் பெரிதாகக் கேட்கிறதாம். என் காரில் முன்னால் உட்காரும்போது டேஷ்போர்டில் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு கார் ஆலையில், லைனிலிருந்து வெளியே வரும் புதுக் காரில் ஏறி, மேடுபள்ளமான தடத்தில் ஓட்டி, எங்கே கீச்சு, எங்கே டொக்கு என்று கேட்டு எழுதித்தருகிறேன். கேட்பதற்கே சம்பளம். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எங்கள் காதைச் சோதிக்கிறார்கள். அங்கேயும் கண்ணாடிக் கூண்டு, ஹெட்போன், பட்டன். ஆனால் சத்தம் அனுப்புகிறவர் என் எதிரே உட்காருவதில்லை. என் முதுகுக்குப் பின்னால், நடுவில் திரை போட்டு உட்காருகிறார். முதல் தடவை ஏன் அப்படி என்று கேட்டேன். “எதிர்ல உக்காந்தா கையப் பாத்துச் சொல்லிடுவாங்க மேடம். எங்களுக்கு உண்மையான ரிசல்ட் வேணும்ல?” என்றார்.

சத்தம் போடுகிற கார் ஆலையைவிட்டு வெளியே போய்விடக்கூடாது, அதனால் அங்கே உண்மை வேண்டியிருக்கிறது. அம்மாவின் வேனில் உண்மை தெரிந்திருந்தால் அன்றைக்கே அவள் வேலை போயிருக்கும், நாங்கள் திண்டாடியிருப்போம்; அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் என் கொலுசு அவளுக்குக் கேட்காமல் போனதோடு அவள் காது கெடுவது நின்றிருக்கும். அதற்கு மருத்துவம் வேண்டாம், சட்டம் வேண்டாம். வேனில் அந்த ஆள் தன் நாற்காலியை அவள் முதுகுக்குப் பின்னால் திருப்பிப் போட்டிருந்தால் போதும்.